சின்னப் பாட்டிதான் உயரம்!

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய யுத்தம் நடந்தது. யுத்தத்துக்கு வேண்டிய ஆயுதம் ஒரே ஒரு ரப்பர் துண்டு.

பேரனுக்கு ஐந்தரை வயது. யு.கே.ஜி. வாசிக்கிறான். 'உன் வீட்டில் உள்ளவர்களை உயர வரிசைப்படி நிறுத்திப் படம் வரைந்து வா' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவனும் நாக்கைத் துருத்திக்கொண்டு வெகு சிரத்தையாக வரைந்தான். முதலில் அப்பா, அடுத்தபடி அம்மா, அப்புறம் பாட்டியாகிய நான், எனக்குப் பிறகு அவன். கடைசியில், கடுகு மாதிரி, அவனுடைய அக்கா.

அக்காவுக்கு ஏழு வயது நிரம்பிவிட்டது. ஆனால் தம்பி அவளை விட ஒரு விரற்கடை உயரம். அதில் சந்தேகமில்லை. சித்திரத்தைப் பார்த்தாளோ இல்லையோ, ரப்பரை எடுத்துத் தம்பியின் தலையை அழித்துவிட்டாள்! அவன் அலறினான். நாங்கள் எல்லோரும் ஓடினோம்.

"ஏண்டி அழிச்சே?" என்று என் மருமகள் அதட்டினாள்.

குழந்தை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "தம்பி என்னை விடப் பெரியவனா ஆயிட்டானா? அப்போ இனிமே நான் அவனை அண்ணான்னு கூப்பிடணுமா?" என்று கேட்டாள்.

என் பிள்ளை சிரித்தான். மருமகளும் கோபத்தை மறந்து சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியின் பின்னால் இருந்த பயம் எனக்குப் பழக்கமான பயம்.

நான் நர்ஸரிப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். உயரம், குட்டை, நீளம், அகலம் எல்லாம் எத்தனையோ குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 'இது என்ன பிரமாதம்? இரண்டு பேரைப் பக்கத்தில் நிறுத்தினால் யார் உயரம் என்று கண்ணுக்குத் தெரியாதா?' என்று நீங்கள் கேட்கலாம். கண்ணுக்குத் தெரியும். மனத்துக்குத்தான் தெரிவதில்லை!

யோசித்துப் பாருங்கள். நம் பேச்சில் 'பெரியவன்' என்ற ஒரே சொல்லை எத்தனை அர்த்தத்தில் வழங்குகிறோம்! உருவத்தில் பெரியவனும் பெரியவன். வயதில் மூத்தவனும் பெரியவன். காசும் செல்வாக்கும் உள்ளவரைப் 'பெரிய மனிதர்' என்கிறோம். பெண் குழந்தைகள் விஷயத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படி உருவம், வயது, மதிப்பு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் குழந்தையின் தலையில் வைத்துவிடுகிறோம். தம்பி உயர்ந்துவிட்டான் என்றால் அக்கா ஸ்தானமே பறிபோய்விட்டது என்று அது நினைப்பதில் ஆச்சரியம் என்ன?

தமிழ்க் குழந்தைக்கு மட்டும் வருகிற குழப்பமும் அல்ல இது. ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் ழான் பியாஜே என்ற அறிஞர் குழந்தைகளிடம் பேசிப் பேசியே அவர்கள் மனசு எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்தார். காலத்தைப் பற்றிக் குழந்தைகள் என்ன நினைக்கிறார்கள் என்று 1946-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். உயரமானவர்தான் வயதானவர், வளர்வது நின்றால் வயது ஏறுவதும் நின்றுவிடும் என்று சின்னஞ்சிறு குழந்தைகள் பலர் நம்புவதை அவர் கண்டார். வெள்ளைக்காரக் குழந்தைக்கும் அதே கதிதான்!

என் பயத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கும்பகோணம். நானும் என் தங்கையும் இரண்டே பெண்கள். எனக்கும் அவளுக்கும் இரண்டு வயது வித்தியாசம். ஒவ்வொரு வருஷமும் விஜயதசமியன்று அப்பா எங்களைச் சமையலறை வாசற்காலில் சாய்த்து நிறுத்தி, தலைமேல் ராமாயணப் புத்தகத்தை வைத்து, தச்சன் பென்ஸிலால் கோடு போடுவார். என் கோடு மேலே, அவள் கோடு கீழே. உலகம் ஒழுங்காகத்தான் இருந்தது.

1958-ம் வருஷத்து விஜயதசமியன்று அவள் கோடு என் கோட்டுக்கு மேலே போய்விட்டது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, "அடேடே! பெரியவள் சின்னவளாயிட்டா, சின்னவள் பெரியவளாயிட்டா!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை பொல்லாதவள் அல்ல. ஏதோ வேடிக்கையாகச் சொன்னாள். ஆனால் அந்த வேடிக்கை அதோடு போகவில்லை. அடுத்த தீபாவளிக்குள் தங்கைக்குக் குட்டையாகிவிட்ட பாவாடை எனக்கு வந்தது. அக்காவின் பாவாடை தங்கைக்குப் போவதுதானே உலக வழக்கம்? எங்கள் வீட்டில் கங்கை மேற்கே பாய்ந்தது!

அன்று முதல் நான் அவளோடு சேர்ந்து பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். அவள் தெருவின் இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் சில நாட்களில் அவள் நடையே மாறிற்று. தோளைக் குறுக்கி, கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். "வயசுப் பெண் இப்படிக் கூன் போடலாமா? நிமிர்ந்து நட!" என்று அம்மா நாள்தோறும் கோபித்துக்கொள்வாள். எதற்காக அவள் கூன் போடுகிறாள் என்பது அந்த வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

இதெல்லாம் பழங்கதை. ஆனால் ரப்பரும் கையுமாக நின்ற பேத்தியைப் பார்த்ததும் அந்த வாசற்கால்தான் என் கண் முன்னால் வந்தது. மறுநாளே என் பழைய உத்தியோகத்தை வீட்டில் ஆரம்பித்துவிட்டேன்.

முதல் விதி: மனிதர்களைத் தொடாதே, பாத்திரங்களைத் தொடு! சமையலறையிலிருந்து சொம்பு, தம்ளர், கூஜா, டிபன் காரியர் எல்லாவற்றையும் கூடத்துக்குக் கொண்டுவந்து பரப்பினேன். தங்களைப் பற்றிப் பேச்சு இல்லை என்றதும் குழந்தைகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"குடம் பெரிசா, கூஜா பெரிசா?" என்றேன்.

"குடம்!"

"குடம் உயரமா, கூஜா உயரமா?"

இரண்டு பேரும் திகைத்தார்கள். எங்கள் வீட்டுக் குடம் குள்ளம், வயிறுதான் பெருத்தது. பழைய கூஜாவோ நெட்டைக் கொக்கு. பெரிசு என்பது வேறு, உயரம் என்பது வேறு என்ற முதல் பாடம் இப்படி ஆயிற்று. அன்று முழுவதும் எங்கள் வீட்டில் 'பெரிசு', 'சின்னது' என்ற சொற்களுக்குத் தடை போட்டேன். 'உயரம்', 'குட்டை', 'குண்டு', 'ஒல்லி', 'மூத்தது', 'இளையது' என்று எதைச் சொல்கிறோமோ அதைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். தவறினால் ஒரு தோப்புக்கரணம். முதல் தோப்புக்கரணம் போட்டது நான்தான்!

ஒரு குணத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது மேரியா மாண்டிஸோரி அம்மையாரின் வழி. அவர் 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். யுத்தம் வந்துவிட்டதால் 1946 வரையில் இந்தியாவிலேயே தங்கும்படி ஆயிற்று. அவர் அமைத்த சாமான்களில் பத்துச் சிவப்புக் கோல்கள் உண்டு. மிகவும் சின்னது 10 சென்டிமீட்டர், மிகவும் நீளமானது ஒரு மீட்டர். ஒவ்வொன்றுக்கும் 10 சென்டிமீட்டர் வித்தியாசம். ஆனால் நிறமும் தடிமனும் பத்துக்கும் ஒன்றே. நீளம் ஒன்றுதான் மாறும். குழந்தையின் கவனம் வேறு எங்கும் சிதற வழியில்லை. கோல் இல்லாத வீட்டில் துடைப்பங்குச்சியை ஒடித்துக் கொடுத்தாலும் போதும்.

இரண்டாவது விதி: அடி ஒன்றாக இருக்க வேண்டும். பேரன் தம்ளரைச் சர்க்கரை டப்பாவின் மேல் ஏற்றி வைத்து, "பாட்டி! தம்ளர் கூஜாவை ஜயிச்சுடுத்து!" என்று கை கொட்டினான். இதைக் குறும்பு என்று நினைக்கக் கூடாது. சிறு குழந்தைகள் உச்சியை மட்டும் பார்க்கிறார்கள், அடி எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்ப்பதில்லை. "நீ நாற்காலியில் ஏறி நின்றால் அப்பாவை விட உயரமாகிவிடுவாயா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாற்காலிதான் உயரம்" என்றான். பெரியவர்கள் பலருக்கும் இந்த ஞானம் வருவதில்லை!

மூன்றாவது, 'விட' என்ற இரண்டெழுத்துச் சொல். 'சொம்பு உயரம்' என்று யாராவது சொன்னால் உடனே, "எதை விட?" என்று நாங்கள் கேட்போம். தம்ளரை விடச் சொம்பு உயரம், கூஜாவை விடச் சொம்பு குட்டை. அதே சொம்பு! நாலு வயதுக் குழந்தைக்கு இது பெரிய தர்மசங்கடம். ஒன்று உயரமாக இரு, அல்லது குட்டையாக இரு, இரண்டுமாக எப்படி இருக்கலாம் என்று சண்டைக்கு வரும். சொம்பு வளரவும் இல்லை, குறையவும் இல்லை, பக்கத்தில் நிற்பதுதான் மாறிற்று என்று அதற்குப் புரியும் நாள் நல்ல நாள்.

பேத்தி சொம்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அப்புறம் மெதுவாக, "நானும் சொம்பு மாதிரியா பாட்டி?" என்றாள். அடுத்த வீட்டு நாலு வயதுப் பெண்ணை விட அவள் உயரம், தம்பியை விடக் குட்டை. "ஆமாம், நானும் சொம்புதான்" என்றேன்.

நாலாவது பாடம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் வேண்டியது. பூஜை அறையில் இருக்கும் குத்துவிளக்கு உயரமா, சமையலறையில் இருக்கும் காஸ் சிலிண்டர் உயரமா? இரண்டையும் நகர்த்தக் கூடாது! பேரன் விளக்கின் பக்கத்தில் போய் நின்று, அதன் உச்சி வரும் இடத்தில் தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, அப்படியே நடந்து சமையலறைக்குப் போனான். வழியில் மூக்கு அரித்தது, கை இறங்கிவிட்டது! பேத்தி பார்த்துக்கொண்டே இருந்தவள், என் குடையை எடுத்துக்கொண்டு போனாள். விளக்கின் பக்கத்தில் நிறுத்தி, உச்சி வரும் இடத்தில் ஒரு நூலைக் கட்டினாள். குடையைச் சிலிண்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, "விளக்குதான் உயரம்!" என்று தீர்ப்புச் சொன்னாள்.

இப்படித்தான் நடக்கும் என்று பியாஜேயும் அவரோடு வேலை செய்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். வேறொரு மேஜையில் இதே உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டு என்று சொன்னால், மிகச் சிறிய குழந்தை கண்ணாலேயே பார்த்துத் திருப்தி அடையும். அடுத்த நிலையில் தன் உடம்பையே அளவுகோலாக வைத்துக்கொள்ளும். அப்புறம்தான் மூன்றாவதாக ஒரு கோலைத் தேடும். ஆனாலும் சிறு குழந்தைகளை மட்டமாக எடை போட்டுவிடக் கூடாது. 1971-ல் பிரயண்ட், டிரபாஸோ என்ற இருவர், எது எதை விட நீளம் என்பதை நன்றாக ஞாபகத்தில் பதிய வைத்துவிட்டால், நேரில் ஒப்பிட்டுப் பார்க்காத இரண்டு குச்சிகளைப் பற்றி நாலு வயதுக் குழந்தையே யோசித்துப் பதில் சொல்லும் என்று காட்டினார்கள். பல சமயம் குறை அறிவில் இல்லை, ஞாபகத்தில் இருக்கிறது.

அன்று முதல் எங்கள் வீட்டில் அளவு இலாகா பேத்தியின் வசம் வந்துவிட்டது. தம்பி அவளுடைய உதவியாளன்! ரப்பரை யாரும் தேடவில்லை.

ஐந்தாவதாகத்தான் சுவர்க் கோட்டுக்கு வந்தேன். இருவருக்கும் ஒரே வாசற்காலில் கோடு போட நான் சம்மதிக்கவில்லை. அப்பா அன்பாகத்தான் செய்தார், ஆனால் அந்த ஒரே வாசற்கால்தான் எங்களைப் பிரித்தது. ஆகவே தனித்தனியாக நீளக் காகிதம் ஒட்டினேன். அக்காவுக்கு ஓர் அறையில், தம்பிக்கு இன்னோர் அறையில். அவரவர் பழைய கோட்டோடுதான் அவரவருக்குப் போட்டி. வெறுங்காலோடு, குதிகால் சுவரில் படும்படி, நேரே பார்த்து நிற்க வேண்டும். தலைமேல் கனமான புத்தகத்தைச் சமமாக வைக்க வேண்டும். எப்போதும் காலையிலேயே அளப்பது நல்லது. நாள் முழுவதும் நடந்து ஓடி முதுகெலும்பின் இடைத் தட்டுகள் அழுந்துவதால் சாயங்காலத்துக்குள் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிடும். மாதா மாதம் அளந்து குழந்தையைப் படுத்த வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும். பிரான்ஸில் மோன்பேயார் என்ற பிரபு 1759-ல் ஆரம்பித்து 1777 வரையில் தம் பிள்ளையின் உயரத்தை இப்படிக் குறித்து வந்தார். டாக்டர்கள் இன்னும் அந்தக் கணக்கை எடுத்துப் பேசுகிறார்கள்.

கோடு நமக்கு ஓர் எச்சரிக்கையும் கூட. நாலு வயதுக்கு மேல், பருவம் வரும் வரையில், குழந்தை வருஷத்துக்கு ஏறக்குறைய 5, 6 சென்டிமீட்டர் வளர வேண்டும். 4 சென்டிமீட்டர் கூட வளரவில்லை என்றால், பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். என் மருமகளும் பேத்தியை அழைத்துப் போனாள். ஒரு வருஷத்தில் ஐந்தரை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள், ஒரு குறையும் இல்லை, சற்றுக் குள்ளமான வம்சம் என்று டாக்டர் சொன்னார். வம்சம் என்றால் யார்? நான்தான்!

நவராத்திரிக்குத் திருச்சியிலிருந்து என் தங்கை வந்தாள். விஜயதசமியன்று காலையில் குழந்தைகளின் காகிதத்தில் கோடு போட்டு முடித்ததும், பேத்தி எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். பெரிய கண்டுபிடிப்பு நிகழப்போகிற மாதிரி அவள் முகம் மாறிற்று.

"பாட்டி! இவங்க சின்னப் பாட்டிதானே? ஆனா உன்னை விட உயரமா இருக்காங்களே!"

"ஆமாம்."

"உயரமா இருந்தும் சின்னப் பாட்டியா?"

"அறுபது வருஷத்துக்கு மேலாக உயரம். ஆனாலும் அவள் எனக்குத் தங்கைதான்" என்றேன்.

குழந்தை ஒன்றும் சொல்லாமல் ஓடிப்போய் ஸ்கேலும் புத்தகமும் கொண்டுவந்தாள். முதலில் என்னைக் கதவோடு சாய்த்து அளந்தாள், 148 சென்டிமீட்டர். அடுத்தபடி தங்கை வந்து நின்றாள். பழக்க தோஷம், தோள் குறுகிக் கழுத்து உள்ளே போயிருந்தது. பேத்தி நாற்காலி மேல் ஏறி நின்று அதிகாரமாக, "நிமிர்ந்து நில்லுங்க சின்னப் பாட்டி! இல்லாட்டி அளவு தப்பாயிடும்" என்றாள்.

தங்கை என்னைப் பார்த்தாள்.

"நிமிர்ந்து நில்லு" என்றேன் நான். அப்புறம், 1958-ல் சொல்லியிருக்க வேண்டியதையும் சொன்னேன். "நீ எதுக்குக் குனிஞ்சு நடந்தேன்னு எனக்கு அப்பவே தெரியும். தப்பு என்னோடதுதான்."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அசடு மாதிரிப் பேசாதே அக்கா. அந்த நீலப் பாவாடை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உனக்குக் கொடுக்க நேர்ந்ததேன்னு நான்கூட ஒரு வாரம் அழுதேன்" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே அவள் நிமிர்ந்தாள். வயதானதால் முன்போல் முழுக்க நிமிர முடியவில்லை. முடிந்த மட்டும் நிமிர்ந்தாள். 155 சென்டிமீட்டர்!

பேத்தி நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'சின்னப் பாட்டி பெரிய பாட்டியை விட உயரம். பெரிய பாட்டி சின்னப் பாட்டியை விட மூத்தவள்.' அதன் கீழே, யாரும் கேட்காமலே இன்னொரு வரியும் எழுதினாள்: 'தம்பி என்னை விட உயரம். நான் அவன் அக்கா.'

தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ பரணில இருக்கிற பந்தை நான்தான் எடுப்பேன்!" என்றான்.

"உனக்கும் எட்டாது. நாற்காலியைக் கொண்டு வா" என்றாள் அக்கா.